கைராசிக்காரர் வீட்டு நாய்க்குட்டி

நாய் மேல எனக்கு ஆசையும் கிடையாது, வெறுப்பும் கிடையாது. காலையில ஒன்பதரைக்குச் செஞ்சி பஜார் ஜவுளிக்கடையில போய் நின்னா, வீடு திரும்ப எட்டு மணி ஆயிடும். நாளெல்லாம் புடவையைப் பிரிச்சுப் போடணும், மடிச்சு வெக்கணும். "வேற கலர் இருக்குதா"ன்னு கேட்டா மறுபடியும் பிரிக்கணும். வீட்டுக்கு வரும்போது இடுப்பு தனியா, நான் தனியா வருவோம். இந்த லட்சணத்துல நாய்க்குட்டியோட மல்லுக்கட்டத் தெம்பு எங்க இருக்குது? ஆனாலும் நாலு மாசம் கட்டினேன்.

குட்டி வந்த கதைக்கு முன்னாடி எங்க வீட்டுக்காரர் கதையைச் சொல்லணும். அவர் அவலூர்பேட்டை ரூட்ல இருபது வருஷத்துக்கு மேல பஸ் ஓட்டினவர். ஒருநாள் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வெச்சாங்க. "இனிமே ஸ்டியரிங்கைத் தொடாதீங்க"ன்னு டாக்டர் சொன்னார். அன்னைக்குச் சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்தவர்தான். தட்டுல போட்டுக் கையில குடுத்தா சாப்பிடுவார். குடுக்கலன்னா கேக்க மாட்டார். மனுஷன் பொழைச்சுட்டார்னு தெருவே சொல்லுச்சு. பொழைச்ச மாதிரி எனக்குத் தெரியல.

எங்க வீட்டுப் பின்னால, துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல ரெண்டு பாத்தி அளவுக்கு இடம் இருக்குது. சந்தையில ஒரு கட்டு கத்திரி நாத்து வாங்கிட்டு வந்து, "எனக்கு இடுப்பு வளையலைங்க, நீங்களாவது நட்டுக் குடுங்க"ன்னு கேட்டேன். இடுப்பு வளையாதது நெஜம். மத்ததெல்லாம் நடிப்பு. முனகிக்கிட்டே நட்டார். மறுநாள் நான் எழுப்பாமலேயே எழுந்து போய் அதைப் பாத்தார். எனக்கு உசுரே வந்துச்சு.

ஆனா எங்க மண்ணு பாதி கல்லு. பத்து நாள்ல இலையெல்லாம் மஞ்சளாப் போச்சு. பாத்தி ஓரமா நின்னுக்கிட்டு, "இந்தக் கை இனிமே எதுக்கும் ஆவாது போல"ன்னு சொன்னார். சொல்லிட்டுப் போய்ப் படுத்துட்டார். அந்தப் பேச்சு எனக்கு நெஞ்சுவலியை விடப் பயமா இருந்துச்சு. எழுந்த மனுஷன் மறுபடி படுத்தா அப்புறம் எழுந்திருக்கவே மாட்டார்னு தோணிப்போச்சு.

டாக்டர் சொன்னாரேன்னு தினமும் விடிஞ்சதும் கோட்டை அடிவாரம் வரைக்கும் அவரை நடக்க அனுப்புவேன். ஞாயித்துக்கிழமை எங்க வீட்ல மீன். அவர் திரும்பி வரதுக்குள்ள மீனை ஆய்ஞ்சு, குடலு, செதிலு, செவுளு எல்லாத்தையும் ஒவ்வொரு செடி அடியிலும் ஒரு சாண் ஆழத்துல புதைச்சு மண்ணைத் தள்ளி மூடிட்டேன். அன்னையில இருந்து வாராவாரம் இதே வேலைதான். அவர்கிட்ட சொல்லல. சொன்னா அது என் வேலையாப் போயிடும். அவர் கையாலதான் ஆச்சுன்னு இருக்கணும்.

ஆச்சு பாருங்க! ரெண்டு மாசத்துல செடி இடுப்புயரம் வந்துச்சு. காய்ச்சுத் தள்ளுச்சு. எங்களுக்குப் போக மிச்சத்தைத் தெருவுல குடுத்தோம். "உங்க கை ராசியான கைங்க"ன்னு ஆளாளுக்குச் சொன்னாங்க. எதிர்வீட்டம்மா ஒரு கருவேப்பிலைக் கன்னை வாங்கிட்டு வந்து, "அண்ணே, நீங்கதான் உங்க கையால நட்டுக் குடுக்கணும்"னு கூப்பிட்டாங்க. ஒரு குழி தோண்டி ஒரு கன்னு நட, இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டிக்கிட்டுப் போனார் எங்க வீட்டுக்காரர். நான் சமையக்கட்டுல நின்னு முந்தானையால கண்ணைத் தொடைச்சுக்கிட்டேன்.

அப்பதான் சென்னையில வேலை பாக்கிற எங்க பொண்ணு பொங்கலுக்கு வந்தா. கையில ஒரு அட்டைப்பெட்டி, அதுக்குள்ள இது. "பகல்ல நைனா தனியா இருக்குதும்மா, துணைக்கு இருக்கட்டும்." செம்மண் நிறம், ஒரு காது நிமிந்து ஒரு காது மடிஞ்சு, வயிறு மட்டும் உருண்டையா ஒரு குட்டி. வந்த அன்னைக்கே அவர் செருப்பு மேல தலையை வெச்சுத் தூங்குச்சு. அவரும் டீயில பிஸ்கட்டை நனைச்சு ஊட்டினார். சாயங்காலம் நான் கேட்டைத் திறந்தா ஓடி வந்து என் கையை மோந்து மோந்து நக்கும். கால்வலியோட வரவளுக்கு அது ஒரு சுகமாத்தான் இருந்துச்சு. இல்லன்னு சொன்னா பொய்.

ரெண்டாவது வாரம் தோண்ட ஆரம்பிச்சுது.

மொதல்ல ஒரு செடி, அப்புறம் மூணு. நான் வரும்போது வேரு வானத்தைப் பாத்துக் கிடக்கும், குட்டி மூக்கெல்லாம் மண்ணோட வாலை ஆட்டிக்கிட்டு நிக்கும். மிளகாத்தூளைத் தூவினேன். தும்மிட்டுத் தோண்டுச்சு. வேலிக்காத்தான் முள்ளை வெட்டிட்டு வந்து போட்டேன். அது என் காலைத்தான் குத்துச்சு. கடைக்கு வந்த ஒரு அம்மா, "அதோட பீயையே குழியில போட்டு மூடுங்க, கிட்ட வராது"ன்னாங்க. அந்தக் கண்றாவியையும் செஞ்சேன். அது கொஞ்சம் தள்ளி வேற குழி தோண்டுச்சு. பழைய புடவையைக் கிழிச்சுச் சுத்தி வேலி கட்டினா, அதை வாயில கவ்விக்கிட்டுத் தெருவெல்லாம் ஊர்வலம் போச்சு. விளக்கைப் போட்டுக்கிட்டுப் பிடுங்கின செடியை மறுபடி நட்டு, தண்ணி ஊத்தி, அதுக்கப்புறம் சோறு வடிப்பேன். சனியனே, உனக்கு நான் இன்னா பாவம் பண்ணேன்னு அதுகிட்டயே கேட்டிருக்கேன்.

நடுவுல ஒரு வாரம் தோண்டவே இல்ல. அந்த ஞாயித்துக்கிழமை அமாவாசை. மேல்மலையனூர் போற பஸ்ஸெல்லாம் பிதுங்கிக்கிட்டுப் போச்சு. "அங்காளம்மா இதுக்குப் புத்தி குடுத்துட்டா"ன்னு அவர் சிரிச்சார். அதுக்கடுத்த வாரம் பாத்தியில பாதி போச்சு. சிரிச்ச மனுஷன் மறுபடி சுவத்தைப் பாத்துப் படுத்தார். நாலு நாள் எழுந்திருக்கல. நடக்கவும் போகல. அஞ்சாம் நாள் ஞாயித்துக்கிழமை மட்டும், நான் போராடினதால அடிவாரம் வரைக்கும் போயிட்டு வந்தார். வந்ததும் சொன்னார்: "ஒண்ணு இந்த நாய் போவட்டும், இல்ல செடியெல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுடு. எனக்கு ஒண்ணும் வேணாம்." நான் உடனே அனந்தபுரத்துல இருக்கிற என் தம்பிக்குப் போன் போட்டேன். நாளைக்கு மத்தியானம் வந்து தூக்கிட்டுப் போறேன்னான்.

மறுநாள் இடுப்பு பிடிச்சுக்கிச்சு, கடைக்கு லீவு. துவைக்கிற கல்லு மேல உக்காந்துக்கிட்டு, இன்னைக்கு மட்டும்தானேன்னு குட்டி தோண்டறதைத் தடுக்காம பாத்தேன். ஒரு செடியை மோந்துச்சு, சரசரன்னு மண்ணை வாரி விட்டுச்சு, மூக்கை உள்ள விட்டு எதையோ இழுத்துச்சு. நேத்து நான் புதைச்ச மீன் குடலு. ரெண்டு வாய்ல முழுங்கிட்டு அடுத்த செடிக்குப் போச்சு.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அமாவாசைக்கு வீட்ல மீன் கிடையாது, அதான் அந்த வாரம் தோண்டல. மூக்குன்னு ஒண்ணு இருக்கிற யாருக்கும் மொத நாளே தெரிஞ்சிருக்கும். எனக்குத் தெரியல. அவ்வளவு அசதி.

உள்ள அவர் படுத்திருந்தார். போய்ச் சொல்ல எழுந்தேன். "குட்டி மேல தப்பில்லைங்க, நான்தான் மீனைப் புதைச்சேன்"னு சொல்லணும். சொன்னா அடுத்து "எதுக்குப் புதைச்சே"ன்னு கேப்பார். கதவண்டை நின்னேன். ஆணியில அந்த இஸ்திரிச் சட்டை தொங்குச்சு. வாய் வரைக்கும் வந்ததை முழுங்கிட்டேன். எருவை வாங்கிப் போட்டுட்டு மீனை நிறுத்தியிருந்தா குட்டியும் இருந்திருக்கும், செடியும் இருந்திருக்கும்னு நீங்க சொல்லுவீங்க. இப்ப நானும்தான் சொல்றேன். அன்னைக்கு எனக்கு அவர் எழுந்தாப் போதும்னு இருந்துச்சு.

தம்பி வந்து குட்டியை பைக்ல முன்னால உக்கார வெச்சுக்கிட்டான். தெருமுனை திரும்பற வரைக்கும் அது என்னையே பாத்துச்சு.

அவர் எழுந்தார். புது நாத்து நட்டார். நான் ஞாயித்துக்கிழமையில பழையபடி மீன் குடலைப் புதைச்சேன், செடி பழையபடி வளந்துச்சு. ரெண்டு மாசம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை, மீனை ஆய்ஞ்சு சமைச்சு வெச்சுட்டு அனந்தபுரத்துக்குப் பஸ் ஏறினேன். குட்டி வளந்துபோச்சு. அடையாளம் தெரியாதுன்னு நெனைச்சேன். நாலு கால் பாய்ச்சல்ல வந்து என் கையை மோந்துச்சு, நக்குச்சு, மறுபடி மோந்துச்சு. உடனே என் காலடியில பரபரன்னு மண்ணைத் தோண்ட ஆரம்பிச்சுது.

"இன்னாக்கா இது?" தம்பி வாயைப் பிளந்துட்டான். "இங்க வந்ததுல இருந்து ஒரு நாள்கூட இது மண்ணைத் தொட்டதில்லக்கா. தங்கமான நாய்க்கா இது."

"எனக்கு இன்னாடா தெரியும்"னேன். போர் தண்ணியில சோப்பு போட்டுக் கையை ரெண்டு தரம் கழுவினேன். அழுகை வந்துடுச்சு. மூஞ்சியையும் கழுவிக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்தப்ப அவர் பாத்திக்குத் தண்ணி விட்டுக்கிட்டு இருந்தார்.

"எப்படி இருக்குது நம்ம ஆளு?"

"நல்லா இருக்குது. அங்க தோண்டறதே இல்லையாம்."

தண்ணி மக்கைக் கீழ வெச்சார். "நல்ல குட்டி. என் செருப்பு மேலதான் தூங்கும்"னார். "நான்தான் அவசரப்பட்டுத் துரத்திட்டேன். பாவம் பண்ணிட்டேன்."

நான் "சாப்டீங்களா"ன்னு கேட்டேன்.