சீப்பக்கா பூட்டிய என்ஜின்

சீப்பக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. முடிவெட்டும் கடை வைத்திருந்த அவள் கணவர் எந்நேரமும் சட்டைப் பையில் ஒரு சீப்பைச் செருகியிருப்பார் என்பதால் தெரு அவரைச் சீப்பண்ணன் ஆக்கியது. அவரைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு இவள் சீப்பக்கா. வேலை ஒரு விடுதியின் சலவைக்கூடத்தில். படுக்கை விரிப்பு மடிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. எதையும் அது பாட்டுக்கு விட்டுவைக்கிற குணம் மட்டும் அவளுக்குக் கிடையாது. பக்கத்து வீட்டுக் கொடியில் துணி சுருங்கிக் கிடந்தால்கூட நீவிவிட்டுத்தான் நகர்வாள்.

போன மழைக்காலத்தில் சீப்பண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சும் நடையும் திரும்பிவிட்டன. வலது கை மட்டும் அரைமனதாகவே நின்றது. விரல்களுக்குத் தினமும் வேலை கொடுத்தால் மறுபடி கத்தரி பிடிக்கலாம், சும்மா போட்டுவைத்தால் அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அமுக்கிப் பழக ஒரு ரப்பர் பந்தும் கொடுத்தார்கள். சீப்பண்ணனா அமுக்குவார்? பந்து கட்டிலுக்கு அடியில் உருண்டு போய்ச் சேர்ந்தது. கடையில் பூட்டுத் தொங்கியது.

அக்காவின் தம்பி செல்போன் பழுது பார்ப்பவன். அவன்தான் டிவியில் மாட்டி விளையாடும் கார் பந்தய கேம் ஒன்றைக் கொண்டுவந்தான். வலது கட்டைவிரலால் வண்டியைத் திருப்பவும் ஆள்காட்டி விரலால் வேகம் கொடுக்கவும் கண்ட்ரோலரை மாற்றி அமைத்தான். சின்னப்பிள்ளைகள் சமாச்சாரம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட மனிதர், சாயங்காலத்துக்குள் டிவியோடு ஒட்டிக்கொண்டார்.

அதில் முதலில் கொடுப்பது ஓர் ஓட்டை வண்டி. பந்தயம் ஓடினால் புள்ளி சேரும். சேர்ந்த புள்ளிக்கு டயர், பிரேக், என்ஜின் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம். அதை மாற்றும் திரையில் இருக்கும் பொடி எழுத்து அண்ணன் கண்ணுக்குப் பிடிபடாது. தம்பி வரும்போது மாமனும் மச்சானும் கூடிப் பேசித்தான் எதை மாற்றுவது என்று முடிவெடுப்பார்கள். கடைசியில் வந்துகொண்டிருந்தவர் மெல்ல மெல்ல நடுவுக்கு வந்தார். ஒருநாள் காலையில் சட்டைப் பொத்தானை வலது கையாலேயே போட்டுக்கொண்டு வந்து நின்றார். அக்கா சமையலறைக்குள் ஓடி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷம்தான்.

அதோடு சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருந்தால் அவள் சீப்பக்கா இல்லையே! முதலிடத்துக்கு அவர் ஏங்குவதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. வேலை இல்லாத நாட்களில் அவர் மதியம் கண் அசரும்போதெல்லாம் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, வண்டியைச் சுவரில் முட்டி முட்டியே ஓட்டிப் புள்ளி சேர்த்தாள். டயரும் பிரேக்கும் யாருக்கு வேண்டும், வேகம் இருந்தால் ஜெயித்துவிடலாம் என்பது அவள் எண்ணம். இருப்பதிலேயே பெரிய என்ஜினாகப் பார்த்து வண்டியில் பூட்டினாள். தானே ஜெயித்ததாக அவர் நினைக்கட்டும் என்று வாயையும் பூட்டிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் முதல் வளைவிலேயே வண்டி ரோட்டை விட்டுப் பாய்ந்தது. விரலை லேசாக வைத்தாலே சீறியது, திருப்பினால் வழுக்கியது. மற்ற வண்டிகள் அவரைத் தாண்டிப் பறந்தன. மறுபடி ஓட்டினார், மறுபடி கடைசி. பிறகு வலது கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கை போயிடுச்சும்மா," என்றார். கண்ட்ரோலரை ஓரமாக வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் அதைத் தொடவே இல்லை. பொத்தானைக்கூட அவள்தான் போட்டுவிட வேண்டியிருந்தது. கடையை வேறு யாருக்காவது விட்டுவிடலாம் என்று ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். அக்கா பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டாள்.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் தம்பியின் கடைக்குப் போய் நடந்ததைக் கொட்டினாள். அவன் முதலில் சிரித்துவிட்டான். அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கினான்.

"அந்த கேம் வண்டியோட பலத்தைப் பாத்துத்தான் எதிராளியைச் சேர்க்கும்க்கா. என்ஜினை மட்டும் ஏத்தினதும் மாமாவைத் தூக்கிப் பெரிய வண்டிக்காரங்களோட விட்டுடுச்சு. அவங்களுக்கு டயரு, பிரேக்கு எல்லாம் அதுக்குத் தக்கபடி இருக்கும். இது வளைவுல எப்படி நிக்கும்?"

யாருக்கும் தெரியாமல் பழைய என்ஜினையே மாட்டிவிடுகிறேன் என்று அவன் சொன்னான். அவளுக்கும் ஆசைதான். ஆனால் கை போய்விட்டது என்று நம்பி உட்கார்ந்திருப்பவர் எந்த என்ஜின் இருந்தால் என்ன, ஓட்டவா போகிறார்? சொல்லித்தான் ஆகவேண்டும். தன்னால் ஜெயிக்க முடியாது என்று பெண்டாட்டியே நினைத்தாளா என்று அவர் நொந்துபோவாரோ என்பதுதான் அவளுடைய பயம்.

வேலை முடிந்து வந்தவள் செருப்பைக் கழற்றிய கையோடு அவர் எதிரே போய் உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள். அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்போ கை போகலையா?" என்றார் அவர்.

"போகலைங்க. நான்தான் வண்டியைக் கெடுத்தேன். உங்க கை நல்லாத்தான் இருக்கு."

அவருடைய உதடு கோணிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரியில்கூடக் கலங்காத மனிதர், அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். கொஞ்சம் அடங்கியதும், நீ என்ன செய்தாய் என்று இன்னொரு தடவை சொல்லு என்றார். அவள் முதலிலிருந்து மறுபடியும் சொன்னாள்.