வாய் காட்டப் பழகிய கதை

வீட்டிலிருந்து முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் போவதும் ஒரு உத்தியோகம்தான். சேர்ந்த பிறகுதான் என்ன வேலை என்றே தெரியவரும். என்னைப் போல மாட்டிக்கொண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

முழங்கால்

ஞாயிற்றுக்கிழமைகளில் ரூ காய் என்ற தெருவில் ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடையில் வேலை செய்கிறேன். சாமான் வாங்க வருகிறவர்கள் முருங்கைக்காயோடு சேர்த்து, வாசித்துச் சொல்லச் சொல்லி ஒரு கடிதத்தையும் நீட்டுவார்கள். யூனிவர்சிற்றிப் பிள்ளைக்குப் பிரெஞ்சில் எது வந்தாலும் விளங்கும் என்பது சனங்களின் நம்பிக்கை. லிஃப்ட் பழுது என்ற அறிவித்தலைக்கூட வாசித்துச் சொல்லியிருக்கிறேன். ஒருநாள் லெ பிளாங்-மெனில் என்ற புறநகரிலிருந்து வருகிற அண்ணை ஒருவர் ஸ்கேன் படத்தையே நீட்டி, முழங்கால் நோவுக்கு என்ன காரணம் என்று கேட்டார். "நான் சரித்திரம் படிக்கிறன் அண்ணை" என்றேன்.

"பரவாயில்லைத் தங்கச்சி, இது பதினைஞ்சு வருசத்துப் பழைய நோ."

பாடமாக்கியது

முதல் பரீட்சையில் பிரெஞ்சுப் புரட்சி பற்றிக் கேள்வி. பதினொரு வயதுவரை யாழ்ப்பாணத்தில் படித்தவள் நான். ஆசிரியர் சொன்னதை அப்படியே எழுதினால் முழுப் புள்ளி என்று மனதில் ஊறியிருந்தது. பேராசிரியை வகுப்பில் சொன்னதையெல்லாம், நடுவில் விட்ட பகிடி உட்பட, ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதிவிட்டு வந்தேன். இருபதுக்கு ஆறு. விடைத்தாளில் சிவப்பு மையில் இருந்தது:

"இது நான் சொன்னது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

அப்பாவும் வந்தார்

அடுத்த வாரம் அவரிடமிருந்து மின்னஞ்சல்: வியாழக்கிழமை வந்து பாருங்கள். ஆசிரியர் கூப்பிட்டால் தாய் தகப்பனோடு போவதுதான் எங்கள் வழக்கம். படிப்பை நிறுத்தப் போகிறார்கள் என்று நான் அழுதேன். அப்பா தான் சமைக்கிற ரெஸ்ரோறண்டில் லீவு கேட்டு, கலியாணச் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டு, ஒரு பொட்டலம் வடையோடு புறப்பட்டார். அறைக்கு வெளியே காத்திருந்த ஐந்து பேரில் ஒருவர்கூடத் தகப்பனோடு வரவில்லை. வெட்கத்தில் எனக்கு உயிரே போய்விட்டது.

பேராசிரியை சிரிக்கவில்லை, இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்பா தன் சமையலறைப் பிரெஞ்சில், "மதாம், பிள்ளையை நிப்பாட்டிப் போடாதேங்கோ" என்று கெஞ்சினார். பேராசிரியை திகைத்துப்போனார். யாரையும் நிறுத்தவில்லை, குறைந்த புள்ளி எடுத்த எல்லோரையும்தான் கூப்பிட்டேன், ஜூனில் மறுபரீட்சை இருக்கிறது என்றார். பிறகு, தான் சொன்னதில் எது எனக்குச் சரியாகப் படவில்லை என்று கேட்டார்.

படிப்பிக்கிறவருக்கு முன்னாலேயே அவர் சொன்னது பிழை என்று எப்படிச் சொல்வது? கேள்வியை அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"வீட்டிலை எனக்கு வாய் காட்டுறாய்தானே, அதை இவவுக்கும் காட்டு!"

மறுபரீட்சை

காட்டினேன். பேராசிரியை சொன்னதில் எது எனக்கு ஒத்துவரவில்லை, ஏன் என்று நாலு பக்கம் எழுதினேன். இருபதுக்குப் பதின்மூன்று, இரண்டாம் வருடத்துக்குத் தேறிவிட்டேன். லா சப்பல் நிலையத்தில் இறங்கும்வரை மெத்ரோ ரயிலில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். விடைத்தாளில் மறுபடியும் சிவப்பு மை:

"எனக்கு உடன்பாடில்லை. அருமை. அப்பாவின் வடைக்கும் நன்றி."

இப்போது வீட்டிலும் நான் நாலு பக்கத்துக்குக் காரணம் சொல்லித்தான் வாதாடுகிறேன். வாய் காட்ட அன்று கொடுத்த அனுமதியை எப்படித் திரும்ப வாங்குவது என்பதுதான் அப்பாவின் ஒரே யோசனை.