மகளிடமிருந்து வந்த ஜெர்மன்

தெலுங்கையும் கன்னடத்தையும் நான் உட்கார்ந்து படித்ததில்லை. பக்கத்து வீட்டிலும் பங்காருபேட்டை ரயிலிலும் காதில் விழுந்தே வந்துவிட்டன. தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தபோது ஆங்கிலமும் அப்படித்தான் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. ஆசைப்பட்டுக் கற்ற ஒரே மொழி ஜெர்மன், அதுவும் சுரங்கத்தை மூடிப் பல வருடங்கள் கழித்து.

நர்ஸான என் மகள் ஜெர்மனிக்கு வேலைக்குப் போவதற்காக அதைப் படித்தாள். ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் வீடு சிறியது. அவள் போனில் பாடம் கேட்டால் வீடு முழுக்கக் கேட்டாக வேண்டும்.

"ஷிஃப்ட்டுக்கு அவங்க ஷிஹ்ட்டுன்றாங்கப்பா."

"அப்போ ஷாஃப்ட்டுக்கு?" சுரங்கத்துக்குள் நாங்கள் இறங்கும் ஆழக் குழியைக் கேட்டேன்.

தேடிப் பார்த்துவிட்டு, "ஷாஹ்ட்" என்றாள். சொந்தக்காரர் ஒருவர் வெளியூரில் இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போனது போல இருந்தது.

அங்கே போனதும் அவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அவள் பார்த்துக்கொண்டவர்களில் ஒருவர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். என்னைப் பற்றிக் கேள்விப்பட்டதும் பேசியே ஆகவேண்டும் என்றாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் திரையில் வந்தார். கீழே எவ்வளவு சூடு என்று கேட்டார். உடுத்திய துணியைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும் என்றேன். மகள் அதை ஜெர்மனில் சொன்னதும் சிரித்தார்.

"அங்கயும் அப்டித்தானாம்ப்பா."

பிறகு ஞாயிறுதோறும் பேசினோம். அவரிடம் கேட்க எனக்கு ஒன்று இருந்தது. எங்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் இரும்புக் கூண்டைப் பற்றி, சிறுமியாக இருந்தபோது மகள், "கேஜ்ல எறங்கறப்போ பயமா இருக்காதாப்பா?" என்பாள். "அதுல இன்னா பயம்?" என்று சிரித்துவிடுவேன். இப்போது அவளையே நடுவில் வைத்துக்கொண்டு பயத்தைப் பற்றித் தமிழில் பேச எனக்கு வாய் வரவில்லை. அவள் விட்டுப்போன பாடங்களைப் போனில் போட்டுக் கேட்க ஆரம்பித்தேன்.

"இந்த வயசுல இன்னாத்துக்கு இதெல்லாம்?" என்றாள் மனைவி. நான் பாடத்தை மறுபடி போட்டேன்.

ஒரு ஞாயிறு நானே கேட்டேன். "ஹாட்டன் ஸீ ஆங்ஸ்ட்?" உங்களுக்குப் பயம் இருந்ததா?

அவர் சிரிக்கவில்லை. "யா," என்றார். பிறகு, "இம்மர்." எப்போதும்.

"இஷ் அவ்ஹ்," என்றேன். எனக்கும்தான்.

மகள் எதையும் மொழிபெயர்க்கவில்லை. அவளுக்குப் புரியும் என்று எனக்குத் தெரியாதா என்ன? அந்த மொழியில் என்றால் அவள் எதிரிலேயே அதைச் சொல்ல முடிந்தது. அவள் கையிலிருந்த போன் சாய்ந்தது. சற்று நேரம் அந்த அறையின் கூரை மட்டும் தெரிந்தது.

"சாப்ட்டியாப்பா?" என்றது அவள் குரல்.

"இனிமேதாம்மா," என்றேன்.