குமுட்டி எரிந்த பிரசவ அறை

முதலில் வந்தது தலைவலி. பிறகு யாரோ முழங்காலை ஊன்றியது போல் நெஞ்சில் ஒரு பாரம். மேற்குத் தாம்பரத்தில், புகுந்த வீட்டில், முதல் பிரசவம் முடிந்து படுத்திருந்தேன். அறுபதுகளின் கடைசி, வெளியே விடாத அடைமழை.

பச்சை உடம்பில் காற்றுப் பட்டால் ஜன்னி வரும் என்று மாமியார் ஜன்னல் இடுக்குகளில் பழைய புடவைகளைச் செருகியிருந்தார். கட்டிலருகே கரி போட்ட குமுட்டி அடுப்பு. அதன்மேல் கவிழ்த்த கூடையில் குழந்தையின் துணிகள் காய்ந்தன. எனக்கு உடம்பு சரியில்லை என்று குழந்தையைக் கூடத்திலேயே வைத்துக்கொண்டார். அவன் பிழைத்தது அதனால்தான். யாருடைய புத்தியாலும் அல்ல.

கூடத்துக்குப் போனால் வலி குறைந்தது. அறைக்குத் திரும்பினால் மறுபடி வந்தது. அதையும் சொன்னேன்.

"ரூமுக்குள்ள வந்தா மட்டும் எப்படிம்மா வலிக்கும்? எல்லாம் மனசுதான்" என்றார் வீட்டுக்கு வந்த டாக்டர்.

கணவர் தலையாட்டினார். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் பாடம் எடுப்பவர் அவர்!

மறுநாள் மயங்கி விழுந்தேன். பட்டணத்து ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. (இதயத்தின் மின்னோட்டத்தைத் தாளில் வரையும் சோதனை) பார்த்த பெண் டாக்டர், கூடத்துக்குப் போனால் வலி குறைந்ததை என்னிடம் கேட்டறிந்து, கணவரிடம் கேட்டார்: "ரூம்ல என்ன எரிஞ்சுது?"

கார்பன் மோனாக்சைடு (கரி அரைகுறையாக எரியும்போது வரும், நிறமோ மணமோ இல்லாத நச்சு வாயு). ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் இது உட்கார்ந்துவிடும். ஓயாமல் உழைக்கும் இதயம் பட்டினி கிடக்கும். என் இதயத் தசையில் ஒரு பகுதி கெட்டுவிட்டிருந்தது.

சில வருஷம் கழித்து நாத்தனாருக்குப் பிரசவம். அதே மழை, அதே அறை, அதே குமுட்டி.

"தலை வலிக்குது அண்ணி" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புடவைகளைப் பிடுங்கி எறிந்தேன். குமுட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கிப்போய் மழையில் வைத்தேன்.

"உனக்கு ஒத்துக்கலன்னா எல்லாருக்கும் அப்படியா? ஜன்னி வந்தா யாரு பதில் சொல்றது?" என்றார் மாமியார்.

"நான் சொல்றேன் அத்தை. எனக்கு யாரு பதில் சொன்னீங்க?"

மூடிய அறையில் வலித்து வெளியே வந்தால் குறைகிறதா? அது மனசு அல்ல. யாரையும் கேட்காமல் ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

சாயங்காலத்துக்குள் நாத்தனாருக்குத் தலைவலி போய்விட்டது. எனக்கு இன்றும் தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் பாதிப் படிக்கு மேல் மூச்சு வாங்குகிறது. அன்று தலையாட்டியவர் பையைப் பிடித்துக்கொண்டு, கீழே புறப்படும் ரயிலையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறார். நான் அவசரப்படுவதில்லை. ரயில் போகட்டும், அவர் நிற்கட்டும்.