மடு என்றே இருக்கட்டும்

ஜைத்தூன் அக்காவின் பெயர் கைப்பேசித் திரையில் மின்னினால் நான் கலங்கிப்போவேன். கரும்புக் கொல்லையில் காட்டுப்பன்றி எதிரே வந்தபோதுகூட நான் அப்படிக் கலங்கியதில்லை. பன்றிதான் என்னைக் கண்டு மூர்ச்சையானது என்று மணலூர்பேட்டை முழுக்க இன்றும் சொல்லிவருகிறேன். அன்று காலை மோட்டார் கொட்டகையில் நின்றிருந்தபோது அந்தப் பெயர் மின்னியது. எடுத்த எடுப்பிலேயே, "அக்கா, நான் தலைப்பத் தொடவே இல்ல, சத்தியமா!" என்றேன்.

மறுமுனையில் இருந்தது அக்கா இல்லை. அவருடைய மகள் நசீமாவின் குரல். "மாமா, அம்மா விடியக்கால பஜர் தொழுகைக்கு எழுந்திருக்கவே இல்லீங்க."

கள்ளக்குறிச்சிக்கு அவர் பொத்தான், நூல், லேஸ் விற்கும் கடைக்கார அம்மா. நமக்கு, அதாவது யாரும் எழுதலாம், யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியத்தில் சம்பளமில்லாமல் சண்டை போடும் கூட்டத்துக்கு, அவர் 'பொத்தான்'. அந்தப் பெயரில் எழுதியவர் ஒரு பெண் என்பதே உங்களில் பலருக்கு இந்தச் செய்தியோடுதான் தெரிந்திருக்கும். நானும் வெகுகாலம் "பொத்தான் அண்ணே" என்றுதான் எழுதிக்கொண்டிருந்தேன். அவரும் மறுக்கவில்லை.

பெண்ணையாற்று வெள்ளம் ஒரு தேரை நிலையோடு பெயர்த்துக் கடலூர் வரை இழுத்துப்போனதாகவும், கடலோரத்து மக்கள் அதை வடம்பிடித்து வரவேற்றதாகவும் நான் ஒருமுறை எழுதினேன். அரைமணிகூட ஆகவில்லை, அந்த வரிக்குப் பக்கத்தில் 'சான்று தேவை' என்று ஒரு முத்திரை விழுந்தது. குத்தியவர் பொத்தான். அதன்பின் நான் மழை பெய்தது என்று எழுதினாலும் சான்று கேட்கப்பட்டது.

ஒருநாள் என் வீட்டுக்காரிக்கு ஜாக்கெட் ஊக்கு வாங்கப்போன கடையில், கல்லாவில் உட்கார்ந்திருந்த அம்மாள் கைப்பேசியில் மும்முரமாகத் தட்டிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். என் கட்டுரைதான் வெட்டுப்பட்டுக்கொண்டிருந்தது.

"நீங்க... பொத்தான் அண்ணனா?"

"நீங்க யாரு?"

"பெண்ணைப் பேரரசன்." அதுதான் அங்கே என் பெயர்.

அவர் என்னைத் தலையிலிருந்து செருப்புவரை பார்த்தார். "பேரரசருக்கு ஊக்கு எத்தினி டஜன் வேணும்?"

அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா. நான் அவருக்குப் பேரரசர்.

ஒரு கட்டுரைக்கு என்ன தலைப்பு என்பதை அதற்குப் பின்னால் இருக்கும் பேச்சுப் பக்கத்தில்தான் விவாதித்து முடிவெடுப்போம். வெளியாள் பார்த்தால் சிரிப்பான். ஓர் ஊரின் பெயரில் 'ப்' வருமா வராதா என்று நாங்கள் நடத்திய போர்களில் மட்டும் கல்வராயன் மலை மூன்றடி தேய்ந்துபோனது. அந்தப் போர்களில் அக்கா கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: "இந்தப் பேரப் படிச்சவன் அடுத்து இன்னா செய்வான்?" முதலில் இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. பெயரைப் படித்தவன் பேசாமல் போவான், வேறென்ன செய்வான்?

நெட்டாங்கலுக்குப் போன நாளில்தான் புரிந்தது.

மலைமேல் இருக்கும் அந்த இடத்தைப் பற்றி அக்காதான் முதலில் கட்டுரை தொடங்கியிருந்தார். பத்திரிகையில் பார்த்த படத்தை வைத்து 'நெட்டாங்கல் அருவி' என்று தலைப்பிட்டிருந்தார். நல்ல படமாக எடுத்துப் போடலாம் என்று அவர், நசீமா, நான் மூவரும் கச்சிராயப்பாளையம் வழியாக மலைப் பேருந்தில் போய் இறங்கினோம். மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெண்ணிடம் அருவிக்கு வழி கேட்டேன்.

"அருவியா? இங்க ஏது அருவி? மடு இருக்குது, அடி தெரியாத ஆழம். அதுங்கிட்ட எங்க மாடே போவாது."

போய்ப் பார்த்தோம். மேலே பாறையில் தண்ணீர் சின்னதாக, அழகாக வழிந்தது. கீழே வட்டமாக ஒரு குளம். அசைவே இல்லை. பச்சைக் கண்ணாடி போல் கிடந்தது. கால் நனைக்கலாம் என்று ஓரத்துப் பாறையில் இறங்கினேன். பாசி வழுக்கியது. அக்கா என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்த இழுப்பில் நான் பிழைத்தேன். இடது செருப்பு மட்டும் தண்ணீரில் விழுந்தது. மிதந்தது. மெல்ல ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு யாரோ அடியிலிருந்து கை நீட்டி இழுத்ததுபோல் எதிர்ப்பாறைக்குக் கீழே போயிற்று. பார்த்துக்கொண்டே நின்றோம். வரவில்லை.

நண்பர்களே, என் எழுத்தை நீங்கள் அறிவீர்கள். இந்த ஓரிடத்தில் நான் ஓர் அங்குலம்கூடக் கூட்டவில்லை.

அப்போதுதான் பின்னால் பேச்சுச் சத்தம் கேட்டது. தோளில் துண்டும் கையில் எண்ணெய்ப் புட்டியுமாக மூன்று வாலிபர்கள். களமருதூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். ஒருவன் கைப்பேசியை நீட்டி, "நெட்டாங்கல் அருவி இதானுங்களா? இதுல போட்டுக்கீது பாருங்க" என்றான்.

திரையில் அக்காவின் கட்டுரை. அக்காவின் தலைப்பு.

அக்கா அதைப் படித்தார். பாறைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நானோ என் ஆயுதத்தை எடுத்தேன். "தம்பிங்களா, உள்ள முதலை இருக்குது. தென்னமர நீளம். போன வாரம்தான் ஒரு எருமைய..."

"பெரிசு, காலையிலேயே ஏத்திக்கினியா?" என்று ஒருவன் சிரித்தான். இன்னொருவன் சட்டையைக் கழற்றிவிட்டான்.

அக்கா எழுந்தார். "பேரரசே, அந்த இன்னொரு செருப்பையும் தண்ணியில போடுங்க."

"அக்கா, போன மாசம்தான் வாங்..."

"போடுங்கன்றேன்!"

போட்டேன். மிதந்தது. சுற்றியது. பாறைக்குக் கீழே போயிற்று. சட்டையைக் கழற்றியவன் தண்ணீரையே வெறித்துக்கொண்டிருந்தான். அவன் சட்டையை மாட்டிக்கொண்டபோது பொத்தான் போடக் கை வரவில்லை. அக்காதான் கிட்டே போய் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார். "வூட்டுக்குப் போங்கப்பா" என்றார்.

வெறுங்காலோடு நான் பேருந்துக்கு நடந்தேன். திரும்பும் வழி முழுக்க அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். மலை இறங்கியபின் ஒன்று சொன்னார். "அருவின்னா துண்டு எடுத்துக்கினு வருவான். மடுன்னா எட்ட நின்னு பார்ப்பான். ஒரு வார்த்தை பேரரசே, அவ்ளோதான்." கொஞ்சம் கழித்து, "நாம பாக்காத அன்னிக்கு எத்தினி பேரு வந்தாங்களோ" என்றார்.

அன்றே தலைப்பை 'நெட்டாங்கல் மடு' என்று நகர்த்தினார். அருவி என்று தேடுகிறவரும் அங்கேயே வந்து சேர வழிமாற்றும் வைத்தார். பேச்சுப் பக்கத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. பெரும்பான்மையோர் வழங்கும் பெயரே தலைப்பு என்பது நம் விதி. செய்திகள், பயணக் காணொளிகள் எல்லாம் அருவி என்கின்றன. மலைக்காரர்கள் மட்டும்தான் மடு என்கிறார்கள், அவர்கள் வாய்ச்சொல்லுக்கு ஏது அச்சுச் சான்று? எச்சரிக்கையைக் கட்டுரைக்குள் எழுதினால் போதுமே என்றார்கள். அக்காவின் பதில்: "உள்ளே படிக்கிறவர் நாலு பேர். தலைப்பைப் படித்துவிட்டு வண்டி ஏறுகிறவர்களே மற்றவர்கள்."

அதன்பின் அவர் நிம்மதியாக இருக்கவில்லை. வாடிக்கையாளருக்கு நூல் அளந்துகொண்டே பக்கத்தைப் பார்ப்பார். யாராவது தலைப்பை மாற்றிவிட்டால் உடனே எனக்கு அழைப்பு. "பேரரசே, நீங்களா?" நான் இல்லை என்று ஒவ்வொரு முறையும் சத்தியம் செய்ததில் என் குலதெய்வமே களைத்துப்போனது. போனவாரம் 'கோடைமழை' என்ற பெயரில் எழுதும் நண்பர், மீண்டும் அருவி என்றே மாற்ற முறைப்படி முன்மொழிந்தார். அவரை நான் குறை சொல்லவில்லை. விதி அவர் பக்கம். அதற்குக் கீழே அக்கா எழுதிய வரி இன்றும் இருக்கிறது: "கடை மூடிவிட்டு வந்து பதில் எழுதுகிறேன்."

நசீமாவின் அழைப்பு வந்த அன்றே எடுத்து அடக்கம் செய்தார்கள்; அவர் வீட்டு வாசலில் நின்றிருந்தேன். நசீமா அம்மாவின் கைப்பேசியைக் கொண்டுவந்து நீட்டினாள். "மாமா, மடு மடுன்னு ஏதோ வந்துக்கினே இருக்குது. இன்னா மாமா, நெட்டாங்கலா?"

திரையைப் பார்த்தேன். மாற்றத்துக்கு ஆதரவு, ஆதரவு, ஆதரவு. அக்காவின் பக்கம் பேச ஆளே இல்லை. இருந்த ஒரே ஆள், தேரைக் கடலுக்கு அனுப்பியவன், எருமையை முதலைக்குக் கொடுத்தவன். நான் எதைச் சொன்னால் யார் நம்புவார்?

அங்கேயே, பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு எழுதினேன். அவசரத்தில் பாதி எழுத்து தப்பு. "ஒரு செருப்பு விழுந்தது. இன்னொன்றைப் போட்டோம். இரண்டும் திரும்பவில்லை. பொத்தானும் அவர் மகளும் உடனிருந்தார்கள். பொத்தான் இன்று காலமானார்." என் வாழ்நாளில் நான் எழுதிய ஆகச் சின்ன வாக்கியங்கள் அவை. கோடைமழையின் பதில் வந்தது: "வருந்துகிறேன். உங்கள் கூற்றுக்கு அச்சுச் சான்று உண்டா?"

இல்லை. சான்று பாறைக்கு அடியில் கிடக்கிறது. எடுக்கப் போகிறவரும் அங்கேயே இருந்துவிடுவார்.

விவாதம் இன்னும் முடியவில்லை. வாக்கை மாற்றச் சொல்லி இதை எழுதவில்லை என்று பெருந்தன்மையாகச் சொல்ல ஆசைதான். அப்படிச் சொன்னால் அதுவும் என் வழக்கமான புளுகில் சேரும். வாக்கை மாற்றுங்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அக்காவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அவருடைய பயம். அவரது அறிவோ பொறுமையோ வந்திருந்தால் பெருமையாகச் சொல்லித் திரிந்திருப்பேன். பயத்தை வைத்துக்கொண்டு திரியத்தான் முடிகிறது. தினமும் முகம் கழுவுமுன் அந்தப் பக்கத்தைத் திறக்கிறேன். திரை வருகிற அந்தக் கணத்தில் சட்டை போடாத ஒரு பிள்ளை தண்ணீர் ஓரத்தில் நிற்கிறான். தலைப்பைப் படித்த பிறகுதான் அவன் பின்வாங்குகிறான்.

அக்கா, இன்று காலை பார்த்தேன். மடு என்றுதான் இருந்தது.