ஏலக்காய் கவரில் சில்லறை

போடியில் ஒரு மளிகைக் கடையின் கல்லாவில் நான் உட்கார்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே கடை திணறிப்போனது. மலைமேல் ஏலத் தோட்டத்தில் வேலை பார்ப்பவர்கள் வாரக் கூலியோடு ஜீப்பில் இறங்கும் நாள் அது. எல்லார் கையிலும் ஐந்நூறு ரூபாய் நோட்டு. மீதியை நான் இரண்டு முறை எண்ண, அவர்கள் ஒரு முறை எண்ண, வரிசை தெருவுக்குப் போய்விட்டது. ஜீப் ஓட்டும் செல்வம் ஹாரன் அடித்து ஓய்ந்து, முதலாளியிடமே வந்தார்.

“அடுத்த வாரமும் இப்படின்னா எதிர்க்கடையில நிப்பாட்டிருவேண்ணே. நாலு நடை அடிக்கிறவன், இங்கயே குடியிருக்கவா முடியும்?”

முதலாளி என்னைத் திட்டவில்லை. இன்னும் ஒரு ஞாயிறு பார்ப்பதாகவும், சரிவராவிட்டால் நான் பழையபடி பருப்புப் பொட்டலம் போடப் போகலாம் என்றும் சொன்னார். பதினோரு வருடம் பொட்டலம் போட்டுத்தான் அந்த நாற்காலிக்கு வந்திருந்தேன். எதிர்த்துப் பேச எனக்கு வராது. யோசிக்க வரும்.

அடுத்த ஞாயிறு காலையிலேயே நூறு ரூபாய்க்கு ஐந்து இருபது, ஐம்பதுக்கு ஐந்து பத்து என்று எண்ணி, தாளில் சுற்றி ஸ்டேப்ளர் அடித்து அடுக்கினேன். முதல் ஜீப் வந்தது. பொட்டலத்தை நீட்டினேன். வரிசையில் முன்னால் நின்ற பேச்சியம்மாக்கா நகத்தால் பின்னைப் பிடுங்க ஆரம்பித்தார். போன வாரத்தைவிட மோசம். சரியாக இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னேன்.

“இருக்கும் ஆத்தா. மேல போயி பத்து ரூவா கொறஞ்சா, அதக் கேக்க நான் மறுபடி போடிமெட்டு மலை எறங்கவா?”

அவர் கேட்டது நியாயம். மறைத்துக் கட்டியது என் தப்பு. செல்வத்தின் ஜீப் வர அரைமணி நேரம் இருந்தது. ஏலக்காய் சாம்பிள் போட வியாபாரிகள் வாங்கும் கண்ணாடி கவர் எங்கள் அலமாரியிலேயே கட்டுக்கட்டாக இருந்தது. பொட்டலங்களைப் பிரித்து, நோட்டுகளை விசிறி மாதிரி விரித்து, ஒவ்வொரு ஓரமும் தெரிய கவரில் போட்டேன்.

செல்வத்தின் ஆட்கள் வந்தார்கள். பில் முந்நூற்று எண்பது என்றால் ஒரு நூறு கவர், தனியாக ஒரு இருபது. கவரைத் தூக்கிப் பார்த்தார்கள், விரலால் ஐந்து ஓரத்தையும் தொட்டு எண்ணினார்கள், நகர்ந்தார்கள். ஒருவர்கூடப் பிரிக்கவில்லை. வரிசை ஓடியது என்றே சொல்வேன். எனக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த செல்வத்தை அவருடைய ஆட்களே ஜீப்பில் ஏறிக் கூப்பிட்டார்கள்.

“என்னக்கா, இம்புட்டு வெரசா அனுப்பிட்டீங்க? டீ இன்னும் ஆறல,” என்றார்.

முதலாளி அன்று சாயங்காலம் அடுத்த வாரத்துக்கு எத்தனை கவர் வேண்டும் என்று கேட்டார். இருநூறு என்றேன். அவரிடம் தயங்காமல் நான் சொன்ன முதல் பதில் அதுதான்.

புதிதாகக் கல்லாவில் உட்காருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நாம் வேகமாக எண்ணினால் மட்டும் வரிசை குறையாது. வாங்குகிறவர் தானே எண்ணிப் பார்ப்பதற்கு நாம் வழி செய்து கொடுக்க வேண்டும்.