நான் வாங்காத இனிப்பு

தொண்ணூறுகளின் நடுவில், கனடாவில், ஸ்காபுரோவில் ஒரு சீனக் குடும்பத்தின் வீட்டுக்குக் கீழே பேஸ்மென்ரில் வாடகைக்கு இருந்தோம். எங்கட தமிழ் ஆக்கள் எல்லாரும் மல்வேர்னில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு இருக்க, நாங்கள் மட்டும் இங்கே. காரணம் என்னவர். ஃபாக்டரி பக்கத்தில், நடந்தே வேலைக்குப் போகலாமாம். அவர் நடந்து போவார். நான் யாரோடு கதைப்பது என்பதை அவர் யோசிக்கவில்லை. தெருவில் மருந்துக்கடை, பல் டொக்டர், பாண் கடை, எல்லாப் பலகையிலும் சீன எழுத்து. பிள்ளை பள்ளிக்கூடம் போனால் பின்னேரம் மூன்றரை மணி வரை என் வாயிலிருந்து ஒரு சொல் வராது. சில நாள் குரல் இருக்கிறதா என்று பார்க்க, தண்ணீர்ப் பைப்பைத் திறந்துவிட்டு என்னை நானே ஏசிக்கொள்வேன்.

பகலில் வீட்டில் இருந்த மற்ற ஆள் வீட்டுக்காரி. ஐம்பது வயதிருக்கும். நான் அவவை அன்ரி என்பேன். அவவுக்கும் ஆங்கிலம் என்னளவுதான், அதாவது இல்லை. ஆனாலும் பத்து மணிக்குப் படிக்கதவைத் தட்டுவா. ஒருநாள் பெருவிரலையும் சின்னவிரலையும் மட்டும் நீட்டிக் காட்டினா. ரெலிபோன் கேட்கிறா என்று ரிசீவரைத் தூக்கிக் கொடுத்தேன். விழுந்து விழுந்து சிரித்தா. பிறகு மணிக்கூட்டில் ஆறைத் தொட்டுக் காட்டினா; அவர்களுக்கு அந்தச் சைகை ஆறு என்ற எண்ணாம். ஆறு மணிக்குப் பிறகு உடுப்புத் தோய்க்கச் சொல்லியிருக்கிறா. நான் வடை கொடுப்பேன், அவ தோடம்பழம் தருவா. படியில் இருந்து தின்போம். அவ தன் மொழியில் ஏதோ சொல்ல, நான் தமிழில் மறுமொழி சொல்லுவேன். அந்த அரை மணித்தியாலம் இல்லாவிட்டால் எனக்கு விசர் பிடித்திருக்கும்.

அந்தக் குளிர்காலத்தில் அவவுடைய கணவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். வேறிடத்தில் இருந்து வேலை செய்த மகள் வந்து, சடங்கு நடக்கும் இடத்தையும் நேரத்தையும் எழுதித் தந்தாள். என்னவருக்கு லீவு கிடைக்கவில்லை. நான் தனியே பஸ் எடுத்துப் போனேன்.

மற்றவர்கள் செய்வதைப் பார்த்து நானும் மூன்று முறை குனிந்து வணங்கினேன். அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டா. கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்தேன். செத்தவீட்டில் 'போயிட்டு வாறன்' என்று சொல்லக்கூடாதே, பேசாமல் எழும்பினேன். வாசலில் மகள் சின்ன வெள்ளை உறை ஒன்றைக் கைக்குள் வைத்தாள். உள்ளே ஒரு இனிப்பும் சில்லறைக் காசும் தட்டுப்பட்டன. செத்தவீட்டிலிருந்து ஒன்றும் கொண்டுவரக்கூடாது என்று வளர்ந்தவள் நான். திருப்பிக் கொடுத்தேன். அவள் மறுபடி நீட்டினாள். வாங்கிப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு விறுவிறென்று நடந்தேன். திரும்பிப் பார்க்கவும் கூடாது, ஆனால் பார்த்தேன். உள்ளேயிருந்து அன்ரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தா.

வீட்டுக்கு வந்து தலை முழுகினேன். எல்லாம் முறைப்படி செய்தேன் என்ற திருப்தி வேறு.

அதன்பிறகு அவ கீழே வரவில்லை. "அவவுக்கு மனுசன் செத்த கவலை, விடும்," என்றார் என்னவர். ஆனால் வாசலில் எதிர்ப்பட்டால் சுவரோடு ஒதுங்கிப் போனா. வடை சுட்டுக் கொண்டுபோய்க் கூப்பிட்டுப் பார்த்தேன். உள்ளே காலடி கேட்டது, கதவு திறக்கவில்லை.

அப்போதுதான் சேர்ந்திருந்த இரவு ஆங்கில வகுப்பில் பக்கத்துக் கதிரையில் இருந்த சீனப் பெண்ணிடம் அரைகுறையாகக் கேட்டேன். அவள் வாயில் கை வைத்தாள். அந்த இனிப்பை வழியிலேயே தின்ன வேண்டுமாம், காசை வீடு சேருமுன் செலவழிக்க வேண்டுமாம். துக்கத்தின் கசப்பு வந்தவரோடு வீட்டுக்குப் போகக்கூடாது என்பதற்காகவாம். நாங்களும் அவர்களும் பயந்தது ஒன்றுக்குத்தான். எனக்கு நல்லது நினைத்துத் தந்ததை நான் ஊரறிய வைத்துவிட்டு வந்திருக்கிறேன். வெட்கத்தில் வகுப்பில் மிச்ச நேரம் ஒன்றும் காதில் ஏறவில்லை.

சனிக்கிழமை மகள் வந்த நேரம் பார்த்து மேலே போனேன். ஆங்கிலத்தில் எழுதிப் பாடமாக்கியதை நின்றபடி ஒப்புவித்தேன். நாங்கள் செத்தவீட்டிலிருந்து எதையும் எடுத்துப்போக மாட்டோம், சொல்லாமல் போவதுதான் எங்களுக்கு மரியாதை, என்னை மன்னிக்க வேண்டும் என்று. மகள் அதைத் தாயிடம் சொன்னாள்.

அன்ரி கதைக்கத் தொடங்கினா. என் மணிக்கட்டைப் பிடித்தபடி, கணவரின் படத்தைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டு, நாங்கள் இருக்கும் கீழ்ப்பக்கத்தைக் காட்டி, அழுது, மூக்கைத் துடைத்து, மறுபடியும் கதைத்தா. பத்து நிமிடமாவது இருக்கும். கனடாவுக்கு வந்தபிறகு ஒருவரும் என்னோடு அவ்வளவு நேரம் கதைத்ததில்லை. எதற்கென்று தெரியாமல் நானும் அழுதேன்.

மகளைப் பார்த்தேன். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

"ஷீ சேஸ் இற்ஸ் ஓகே," என்றாள்.

வேறென்ன சொன்னா என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் இரண்டுதரம் கேட்டேன். "தற்ஸ் ஓல்," அவ்வளவுதான் என்று சொல்லி, தாயின் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

நான் அங்கேயே நின்றேன். மன்னித்தாவா, ஏசினாவா, மனுசன் போனபிறகு தனியே படும் பாட்டைச் சொன்னாவா? அவ்வளவும் எனக்கென்று சொன்னது. அதில் ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை.